பஸ்ஸா, ரயிலா? மயிலாப்பூர் போகும் வழியில் ஒரு கணக்கு

அக்டோபர் 6, 2025 – வாசகர் கேள்வி

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். இவ்வளவு செலவில் ரயில் வரும்போது மாநகரப் பேருந்துகளுக்கு இன்னும் ஏன் பணம் கொட்ட வேண்டும்? நெரிசல், புகை, எப்போது வரும் என்று தெரியாத காத்திருப்பு. பெரிய நகரம் என்றால் ரயில்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

அக்டோபர் 6, இரவு 10.20

மறுப்பதற்கு ஒன்றுமில்லை. நானும் ரயில் கட்சிதான். முப்பது வருடமாக நங்கநல்லூரில் குடியிருக்கிறேன். இரவில் காற்று இந்தப் பக்கம் அடித்தால் பழவந்தாங்கலில் வண்டி கிளம்புவது படுக்கையில் கேட்கும். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடிய ஊர் இது. அந்தப் பாதையில் 2004 வரை ஓடிய மீட்டர் கேஜ் வண்டியின் வாசல் கம்பியில் தொங்கிய கை இது. ரயிலுக்குக் குறுக்கே ஆட்டோ வராது, கல்யாண ஊர்வலம் வராது, அமைச்சரின் கார் வரிசையும் வராது. வேறென்ன வேண்டும்?

அக்டோபர் 7, காலை 9.05

நேற்று மார்தட்டியதை இன்று கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை 21ஜி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். கிண்டி தாண்டிவிட்டது.

ரயில் கட்சிக்காரன் பஸ்ஸில் என்ன செய்கிறான்? என் அலுவலகம் மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தணிக்கையாளர் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். நங்கநல்லூரிலிருந்து மயிலாப்பூருக்கு நேராக ஒரு தண்டவாளமும் கிடையாது. முழுக்க ரயிலிலேயே போக வேண்டுமென்றால் பழவந்தாங்கலில் ஏறி, எழும்பூர் தாண்டிப் பூங்கா நிலையம் வரை வடக்கே போய், அங்கே இறங்கி நடந்து பூங்கா நகரில் பறக்கும் ரயிலை (தூண்கள் மேல் ஓடும் மின்சார ரயில்) பிடித்து, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று மறுபடி தெற்கே இறங்கித் திருமயிலைக்கு வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது.

மெட்ரோவில் வந்தால் நங்கநல்லூர் சாலை நிலையத்தில் ஏறித் தேனாம்பேட்டையில் இறங்கலாம். அதற்கப்புறம் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தாக வேண்டும்.

21ஜி மட்டும் ஜி.எஸ்.டி. சாலையில் ஏற்றி மந்தைவெளியில் இறக்கிவிடுகிறது. ஒரே வண்டி. உட்கார இடம் கிடைத்தால் தூங்கலாம்.

அக்டோபர் 8

தொழில் புத்தி போகாது. வீட்டில் சும்மா கிடந்த பழைய பேரேடு ஒன்றை எடுத்துக் கோடு போட்டிருக்கிறேன். இன்று முதல் பஸ், மெட்ரோ, முழு ரயில் என்று மூன்று வழியிலும் மாற்றி மாற்றிக் காலையில் போகப் போகிறேன். எழுதப்போவது வண்டிக்குள் இருக்கும் நேரத்தை மட்டுமல்ல. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காரும் வரை எல்லாவற்றையும். விளம்பரங்களில் வரும் நிமிடக் கணக்கெல்லாம் நடைமேடையில் தொடங்கி நடைமேடையிலேயே முடிந்துவிடுகிறது. நடைமேடையில் யார் குடியிருக்கிறார்கள்?

அக்டோபர் 9

கேள்வி கேட்ட நண்பர் "ஒரு பஸ்ஸில் எத்தனை பேர் போக முடியும், ஒரு ரயிலில் எத்தனை பேர்?" என்று மடக்குகிறார். கணக்குப் போடுவோம். ஒரு பஸ்ஸில் நின்றும் உட்கார்ந்தும் 70 பேர் என்று வைப்போம். ஒரு தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டாலும் ஒரு மணி நேரத்தில் 4,200 பேர். நம் மெட்ரோ நான்கு பெட்டிதான். ஒரு வண்டியில் 1,276 பேர் வரை என்று கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் 15,312 பேர். பன்னிரண்டு பெட்டி மின்சார ரயிலில் அலுவலக நேரத்தில் 3,000 பேர் திணிந்திருப்பார்கள். ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்றால் 30,000.

ஆக நண்பர் சொல்வது சரி. தாம்பரம் பாதையில் காலையில் வரும் கூட்டத்தை பஸ்ஸில் ஏற்ற முயன்றால் ஜி.எஸ்.டி. சாலை முழுக்க பஸ்ஸாகத்தான் நிற்கும்.

ஆனால் நங்கநல்லூரிலிருந்து மயிலாப்பூருக்குக் காலையில் 30,000 பேரா போகிறோம்? என்னைப் போல நூற்றுக்கணக்கில் இருக்கலாம். அதற்காக யார் தண்டவாளம் போடுவார்கள்? நகரத்தில் மக்கள் போகும் வழிகளில் ஆறு மாதிரிப் பெருகி ஓடுவது சிலதான். மற்றதெல்லாம் வாய்க்கால். வாய்க்காலில் கப்பல் விடச் சொல்வது மாதிரி இருக்கிறது கேள்வி.

அக்டோபர் 9, பிற்பகல்

கப்பல் உவமை கொஞ்சம் அதிகம்தான். பறக்கும் ரயிலின் தூண்களே பக்கிங்ஹாம் கால்வாயில்தான் நிற்கின்றன என்று ஒரு நண்பர் நினைவூட்டினார். ஒப்புக்கொள்கிறேன், வாய்க்காலில் ரயிலே விட்டிருக்கிறோம்.

அக்டோபர் 14

முதல் ஐந்து வேலைநாள் முடிந்தது. பஸ் 58, 81 நிமிடங்கள். மெட்ரோ 62, 64. முழு ரயில் 79.

மாலையில் ஒன்று செய்தேன். மந்தைவெளி நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று, எனக்கான பஸ் எத்தனை வருகிறது என்று பார்த்தேன். மூன்று வந்தன. அதாவது சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று. அப்படியானால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். பரவாயில்லை, இல்லையா?

அக்டோபர் 15, காலை 6.40

பரவாயில்லை இல்லை. தூக்கத்தில் உறைத்தது, எழுந்து திருத்துகிறேன். கணக்கு எழுதிப் பிழைப்பவன் இப்படித் தப்புப் போட்டதற்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று பஸ் வந்தது உண்மை. எப்படி வந்தன? முந்தைய பஸ் போய் 26 நிமிடம் கழித்து ஒன்று, அதன் பின்னால் 2 நிமிடத்தில் இன்னொன்று, மறுபடி 2 நிமிடத்தில் மூன்றாவது. இடைவெளியின் சராசரி பத்துதான். ஆனால் நிறுத்தத்துக்கு வருகிறவன் எந்த இடைவெளிக்குள் வந்து விழுவான்? முப்பது நிமிடத்தில் 26 நிமிடம் அந்தப் பெரிய பள்ளம்தான். அதில் விழுந்தவன் சராசரியாக 13 நிமிடம் நிற்பான். நான்கு நிமிடத்துக்குள் வந்த அதிர்ஷ்டசாலி ஒரு நிமிடம் நிற்பான். இரண்டையும் உரிய பங்கில் சேர்த்தால் 11.4 நிமிடம். நான் எழுதிய ஐந்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

பஸ் விடுகிறவர் "பத்து நிமிடத்துக்கு ஒன்று விடுகிறேன்" என்பதும் உண்மை. நிற்கிறவர் "எப்போது வந்தாலும் கால் மணி நேரம் நிற்கிறேன்" என்பதும் உண்மைதான்.

இது யாருடைய சோம்பலும் இல்லை. ஒரு பஸ் சிக்னலில் இரண்டு நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் அதற்காக நிற்கும் கூட்டம் கூடியிருக்கும். ஏற நேரமாகும், கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடிக்க நேரமாகும், மேலும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற்ற ஆள் இல்லை, அது விறுவிறு என்று வந்து முன்னதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். முன்னது பிதுங்கும், பின்னது காற்று வாங்கும். அதுவரை வெயிலில் நின்றவன் பிதுங்குகிற வண்டியிலேயே ஏறுவான். நானும் ஏறுவேன். பின்னால் வருவது நிற்காமல் போய்விட்டால்?

ரயிலில் இது இவ்வளவு மோசமாகாது. எல்லா வாசலும் ஒரே நேரத்தில் திறக்கிறது, டிக்கெட் கீழேயே வாங்கியாகிவிட்டது, சிக்னல் இரண்டு வண்டியை ஒட்ட விடாது.

அக்டோபர் 17

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் கூட்டம். ஜி.எஸ்.டி. சாலை பற்றி எழுத வேண்டியதில்லை. வெளியூர் பஸ்கள் கிளம்பும் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்தபோது அதை ஒட்டியே போகும் ரயில் பாதையில் ஒரு நிலையம் இல்லை. ரயில் பக்கத்திலேயே ஓடியது, ஏறத்தான் முடியவில்லை. பஸ்ஸா ரயிலா என்று நாம் இங்கே சண்டை போடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வாசலில் நிறுத்தத் தெரிய வேண்டாமா?

இன்று நோட்டில் பதிவு இல்லை. அரை நாள் விடுப்பு.

அக்டோபர் 22

மழை. பஸ் நாள். 104 நிமிடம்.

ஆபீஸில் சட்டையைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்தபோது எதிர் மேசைக்காரர் கேட்டார்: "ரயிலில் வந்திருக்கலாமே?" வந்திருக்கலாம். பேரேட்டில் இன்று பஸ்ஸின் முறை. விதி என்றால் விதி.

அக்டோபர் 23

"ரயிலில் வந்திருக்கலாமே" என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது. பதினான்கு மாதம். கடற்கரைக்குப் போகிறவர்கள் பாடு சொல்லி மாளாது. பஸ் வழியில் பள்ளம் தோண்டினால் அடுத்த தெருவில் திருப்பி விடுவார்கள். இப்போதே லஸ் பக்கம் அதுதான் நடக்கிறது. இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் சந்திக்கின்றன, அதற்காகப் பாதாளம் வரை தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். தடுப்புத் தகரங்களுக்கு நடுவே பஸ்கள் வளைந்து நெளிந்து போய்விடுகின்றன. ரயில் வருவதற்கான வழியை இத்தனை வருடமாக பஸ்தான் விட்டுக் கொடுத்துச் சுற்றிப் போகிறது என்பதைக் கேள்வி கேட்ட நண்பர் குறித்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 25

எங்கள் தெருவில் நான்கு வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒருவர் இரண்டு பஸ் மாறி வருகிறார். மின்சார ரயிலில் வந்தால் சீக்கிரம் வரலாமே என்று அறிவுரை சொல்லப் போனேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். அந்த அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நான்கு பஸ் பூஜ்யம் ரூபாய். ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய்தான் என்று நான் இழுத்தேன். "ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு யார் கொண்டுபோய் விடுவார்கள்?" என்றார். ஆட்டோ கேட்பது அவருடைய ஒரு வேளைச் சம்பளம்.

அவரிடம் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். நிறுத்தத்தில் நிற்கும்போது அவர் பார்ப்பது வழித்தட எண்ணை மட்டும் இல்லை, பஸ்ஸின் நிறத்தையும் போர்டையும் சேர்த்துத்தான். டீலக்ஸ் வந்தால் கை காட்டமாட்டார். முகப்பில் ரோஸ் நிறம் தெரிந்தால்தான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வருவார். என் பேரேட்டில் "காத்திருப்பு" என்று ஒரே பத்திதான் போட்டிருக்கிறேன். அவருக்கு அது வேறு கணக்கு. நான் எல்லா 21ஜி-யையும் எண்ணுகிறேன், அவர் இலவசமானதை மட்டும் எண்ணுகிறார்.

இந்த ஏப்ரலில் குளிர்சாதன மின்சார ரயில் விட்டார்கள். குறைந்த கட்டணம் 35 ரூபாய். நான் ஒரு முறை போனேன், சொர்க்கம். அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 26

மாதச் செலவு கேட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் "விருப்பம் போல் பயணம்" பாஸ் 1,000 ரூபாய், குளிர்சாதன பஸ் தவிர எதிலும் ஏறலாம். மெட்ரோவில் ஒரு வழிக்கு 10 முதல் 50 ரூபாய் வரை. எனக்கு அதற்கு மேல் பஸ்ஸுக்கும் கொடுக்க வேண்டும். மூன்றிலும் மலிவு ரயிலின் சீசன் டிக்கெட்தான், சந்தேகமே இல்லை. அதனால்தான் தொங்கிக்கொண்டு போகிறோம்.

அக்டோபர் 28

என் அம்மாவைக் கபாலி கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வயது 79, இரண்டு முட்டியும் தேய்மானம். அம்மா விஷயத்தில் எந்த விவாதமும் செல்லாது: மெட்ரோ. ஆட்டோவில் நிலையம் வரை, அங்கிருந்து லிஃப்ட், வண்டியின் தளமும் நடைமேடையும் ஒரே மட்டம். "வீட்டுக் கூடத்திலிருந்து அடுத்த அறைக்குப் போவது மாதிரி இருக்கிறது" என்றாள்.

மின்சார ரயிலில் அவளை ஏற்றவே முடியாது. நடைமேடைக்கும் வாசலுக்கும் நடுவே இருக்கும் சந்தைப் பார்த்தாலே நின்றுவிடுவாள். பஸ்ஸின் முதல் படி அவள் முட்டி உயரம். பல வருடம் முன்பு ஒரு வண்டியில் அவள் இரண்டாவது காலை வைப்பதற்குள் விசில் கொடுத்துவிட்டார்கள். எந்த ஊர் வண்டி என்று எழுதப் போவதில்லை. முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இந்த ஜூன் 30 அன்று 120 தாழ்தள மின்சார பஸ்களைத் தொடங்கி வைத்தார்கள். ஒன்றில் ஏறிப் பார்த்தேன். நடைபாதை உயரத்தில் கால் வைத்து ஏறலாம். 21ஜி-யில் அப்படி ஒன்று வந்தால் அம்மாவிடம் மறுபடி பேசிப் பார்க்கலாம்.

திரும்பும்போது தேனாம்பேட்டை வரை ஆட்டோவில் வந்தோம். ஆட்டோக்காரர் கேட்டது மெட்ரோக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. அம்மாவுக்கு ரயில் மலிவு, ரயிலைப் போய்ச் சேர்வது விலை அதிகம்.

நவம்பர் 3

இதை எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆதம்பாக்கம் பக்கம் நடக்கப் போனேன்.

தெரியாதவர்களுக்கு: பறக்கும் ரயில் 1995-இல் சேப்பாக்கம் வரை, 1997-இல் மயிலாப்பூர் வரை, 2007-இல் வேளச்சேரி வரை வந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர். அதைச் சேர்த்துவிட்டால் பரங்கிமலையில் மின்சார ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் ஒரே இடத்தில். நான் பழவந்தாங்கலில் ஏறி அடுத்த நிலையத்தில் மாறினால் நேராகத் திருமயிலை. இந்தத் தலையைச் சுற்றும் வேலையே வேண்டாம். வேலை 2008-இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் பல வருடம் போயிற்று. பிறகு வேலை மறுபடி எழுந்தது. இந்த ஜனவரியில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது, நல்ல வேளையாக யாருக்கும் அடிபடவில்லை.

என் மகள் 2008-இல் ஒன்றாம் வகுப்பு. "அடுத்த வருடம் உன்னைப் பறக்கும் ரயிலில் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன், இங்கேயே ஏறலாம்" என்று ஒரு தூணைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன். அவள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். நேற்று அதே மாதிரித் தூண் ஒன்றின் அடியில் ஒருவர் இளநீர்க் கடை போட்டிருந்தார். நல்ல நிழல்.

பஸ் என்றால் ஒரு திங்கட்கிழமை காலையில் புது வழித்தடம் விடலாம். ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர், ஒரு போர்டு. கட் சர்வீஸ் (பாதி வழி வரை மட்டும் ஓடும் பஸ்) விட்டுப் பார்த்து, கூட்டம் வந்தால் நடையைக் கூட்டலாம்.

நவம்பர் 3, இரவு

மறுபக்கமும் எழுத வேண்டும், இல்லையென்றால் தூக்கம் வராது. திங்கட்கிழமை விடக்கூடியதை அடுத்த திங்கட்கிழமை நிறுத்தவும் முடியும். எங்கள் தெருமுனைக்கு ஒரு காலத்தில் ஒரு பஸ் வந்தது. ஒரு நாள் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. தகரக் கூரை மட்டும் நிற்கிறது, அதன் கீழ் இஸ்திரி வண்டி. தண்டவாளத்தை அப்படிப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. ஒரு நிலையம் வருகிறது என்றால் பத்து வருடம் முன்னாலேயே மனை விலை ஏறுகிறதே, அது ஏன்? அது அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்த விலை. பஸ் நிறுத்தத்தை நம்பி யாரும் வீடு வாங்கி நான் பார்த்ததில்லை.

நவம்பர் 4

"தண்டவாளத்தைப் பிடுங்க முடியாதா? டிராம் என்னவாயிற்று?" என்று கேட்டிருக்கிறார் பெரம்பூர் நண்பர். மாட்டிக்கொண்டேன். 1895-இல் இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் ஓடியது இதே ஊரில்தான். 1953-இல் நிறுத்திவிட்டார்கள், தண்டவாளமும் போயிற்று. நேற்றைய குறிப்பில் "எளிதில்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் படிக்கவும்.

நவம்பர் 9

பஸ்ஸுக்கென்று தனித் தடம் விட்டால் ரயிலே வேண்டாமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பிரேசிலில் கூரிச்சிபா நகரம் 1974-லேயே செய்தது. கொலம்பியாவின் போகோட்டாவில் 2000-இல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ, நெரிசலான தடத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் நாற்பதாயிரத்தை ஒட்டி ஆட்களைக் கொண்டுபோகிறது. நான் அக்டோபர் 9-ஆம் தேதி போட்ட 4,200 எங்கே, இது எங்கே? மூன்று வித்தியாசம்: நீளமான பஸ், ஏறுவதற்கு முன்பே டிக்கெட், நிற்கும் பஸ்ஸைப் பின்னால் வருவது தாண்டிப் போக இன்னொரு தடம். கிட்டத்தட்ட சக்கரம் வைத்த ரயில்தான்.

ஆனால் அதற்குச் சாலையில் இரண்டு இரண்டு தடமாகப் பிடுங்க வேண்டும். யாரிடமிருந்து? கார்க்காரர்களிடமிருந்து. டில்லியில் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 2008-இல் பஸ் தடம் போட்டார்கள். பஸ்ஸில் போனவர்களுக்கு நேரம் மிச்சம். கார்க்காரர்கள் கொதித்தார்கள், வழக்குப் போயிற்று, 2016-இல் இடித்தே விட்டார்கள். ஆமதாபாத்தில் 2009-இல் தொடங்கியது இன்னும் ஓடுகிறது.

நமக்கு மெட்ரோ ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று இதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். கிலோமீட்டருக்குச் சுமார் 532 கோடி ரூபாய் கொடுத்துப் பூமிக்கு அடியிலோ தலைக்கு மேலோ போகிறோம். அதில் ஒரு பங்கு வேகத்துக்கான விலை. இன்னொரு பங்கு, மேலே காரில் போகிறவரிடம் "கொஞ்சம் ஒதுங்குங்கள்" என்று சொல்லாமல் இருப்பதற்காக.

நவம்பர் 11

இன்று முழு ரயில் நாள். காலையில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தேன். மாலையில் பூங்கா நிலையத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஏறியது பழவந்தாங்கலில் நிற்காத ஃபாஸ்ட் லோக்கல். என் ஸ்டேஷன், என் தெருவிளக்கு, என் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஜன்னலில் வேகமாகப் பின்னால் போவதைப் பார்த்தேன். தாம்பரத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். முழுக்க என் தப்பு. பஸ்ஸாக இருந்தால் கண்டக்டரைக் கெஞ்சி அடுத்த சிக்னலில் குதித்திருப்பேன். (குதிக்காதீர்கள்.)

நவம்பர் 14

பேரேடு மூடியாயிற்று. வழிக்கு எட்டு நாள்.

பஸ்: 58, 81, 61, 104, 55, 66, 52, 63. சராசரி 67.5 நிமிடம்.
மெட்ரோவும் பஸ்ஸும்: 62, 64, 60, 71, 59, 63, 66, 62. சராசரி 63.4.
முழு ரயில்: 79, 76, 81, 85, 74, 77, 80, 76. சராசரி 78.5.

ரயில் கட்சியின் மானம் போயிற்று என்று நினைத்தேன். சராசரியில் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் நாலே நிமிட வித்தியாசம். மிக வேகமாகப் போன நாளும் பஸ் நாள்தான், 52 நிமிடம்.

ஆனால் சராசரி எனக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. 9.45-க்கு நான் நாற்காலியில் இருக்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் 81-க்கு என்று கிளம்ப வேண்டும், மழை என்றால் அதுவும் போதாது. மெட்ரோவுக்கு 71 போதும். 52-இல் போய்ச் சேர்ந்த அன்று நான் என்ன சம்பாதித்தேன்? பூட்டிய ஆபீஸ் வாசலில் நின்று பேப்பர் படித்தேன்.

ஆகவே காலையில் மெட்ரோ. செப்டம்பரில் வந்த "சென்னை ஒன்று" செயலியில் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட், தேனாம்பேட்டையில் சில்லறை தேடும் வேலை மிச்சம். மாலையில் நேரக் கெடு இல்லை. மந்தைவெளியில் 21ஜி. இரண்டு வந்தால் இரண்டாவதில் ஏறுகிறேன், காலியாக இருக்கிறது. இந்த ஒரு ஞானம் பேரேட்டுச் செலவுக்குச் சரியாய்ப் போயிற்று.

கேள்வி கேட்ட நண்பருக்கு: மெட்ரோவின் 63 நிமிடத்தில் ரயிலுக்குள் நான் இருப்பது கால் மணி நேரத்தைச் சுற்றித்தான். மிச்சமெல்லாம் நடை, படி, காத்திருப்பு, தேனாம்பேட்டையிலிருந்து ஒரு பஸ். பஸ்ஸுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தினால் என் மெட்ரோ தேனாம்பேட்டையிலேயே நின்றுவிடும்.

நவம்பர் 15

"முழு ரயிலில் எட்டு நாள் போனீர்களே, ஒரு நல்லது கூடவா இல்லை?" என்று ஒருவர். இருக்கிறது. கலங்கரை விளக்கம் தாண்டும்போது கூரைகளுக்கு மேலே கோபுர உச்சி தெரிகிறதா என்று தினமும் தேடினேன். ஒரே ஒரு நாள் தெரிந்தது. 85 நிமிடம் ஆன நாள் அது.

நவம்பர் 18

திருத்தம். அக்டோபர் 22 மழை நாளின் 104 நிமிடத்தில், மந்தைவெளியில் இறங்கி மழை விடட்டும் என்று டீக்கடையில் நின்ற 11 நிமிடமும் சேர்ந்திருக்கிறது. பேரேட்டின் ஓரத்தில் "டீ, பஜ்ஜி 2" என்று என் கையெழுத்திலேயே இருப்பதை இன்றுதான் பார்த்தேன். அதை பஸ்ஸின் தலையில் கட்டியது தவறு. 104 என்பதை 93 என்றும், பஸ் சராசரியை 66.1 என்றும் திருத்திப் படிக்கவும். காலையில் மெட்ரோ என்பதில் மாற்றமில்லை.